அத்தைக்கு நான் எழுதிக் கொடுத்த ரசீது

மகனே,

நீ அனுப்பிய வாடகை அக்ரிமென்ட் நகலை மூன்று தடவை படித்துவிட்டேன். முதல் தடவை கண்ணாடி இல்லாமல், இரண்டாம் தடவை கண்ணாடியோடு, மூன்றாம் தடவை உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து “என்னங்க எழுதியிருக்கு, என்னங்க எழுதியிருக்கு” என்று கேட்டுக்கொண்டே இருந்தபோது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நந்தனத்திலிருந்து சாப்பிட வருகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். சாப்பிட வருகிறவனிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் குழம்பு நன்றாயிருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடுவேன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். நம்மைப்போன்றவர்கள் வீட்டைக் கட்டுவதில்லை, அதனால் வாடகைக்கு எடுத்துப் பார் என்று மாற்றிக்கொள்ளலாம். தவக்காலம் முடிந்ததும் கோயிலில் உன் கல்யாண ஓலை வாசிக்கப்போகிறார்கள். அதற்குள் வீடு பிடித்துவிட வேண்டும் என்கிற உன் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடையாற்று வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் காற்று வருகிறது என்று மூன்று இடத்தில் இருக்கிறது. தண்ணீர் வருகிறதா என்று ஓரிடத்திலும் இல்லை. காற்றைக் குடத்தில் பிடிக்க முடியாதடா. காலை ஐந்து மணிக்குப் போய் அந்தக் கைப்பம்பை நீயே அடித்துப் பார். குளியலறை நமக்கு மட்டுமா, பக்கத்துப் போர்ஷனுக்கும் சேர்த்தா, மின்சார மீட்டர் தனியா, சுவரில் ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, எல்லாம் பார். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் மேலும் உற்றுப் பார். எல்லாவற்றையும்விட, இப்போது காலி செய்கிறவர் ஏன் காலி செய்கிறார் என்று அவரையே கேள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர் மூட்டை கட்டிக்கொண்டே சொல்வார்.

நம்மைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது மயிலாப்பூரில் குளத்துப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷன் பார்க்கப் போனோம். வீட்டுக்கார மாமிக்கு உன் அம்மாவை ரொம்பப் பிடித்துவிட்டது. “பார்த்தா நல்ல மனுஷாளாத் தெரியறேள். வெள்ளிக்கிழமையிலயாவது கறி கிறி சமைக்காம இருப்பேளா?” என்று கேட்டார். உன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “வெள்ளிக்கிழமை நாங்க கறியத் தொடவே மாட்டோம் மாமி, ஒருசந்தி” என்றாள். மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பேஷ்! அப்போ அன்னிக்கு என்ன சாப்பிடுவேள்?” உன் அம்மா யோசிக்காமல், “மீன்” என்றாள். மாமி எங்களுக்கு நல்ல காபி கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். வழியெல்லாம் நான் உன் அம்மாவைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவளோ, “பொய் சொல்லிக் குடிபோயிட்டு வஞ்சிரம் வறுக்கறப்பல்லாம் ஜன்னலைச் சாத்தச் சொல்றீங்களா?” என்றாள். உன் அம்மாவுக்குப் பொய் வராது. இதை நீ மனதில் வைத்துக்கொள். அவள் விஷயத்தில் நீயும் நானும் செய்த அநியாயத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கடைசியில் தியாகராய நகரில் ஒரு போர்ஷன் கிடைத்தது. வீட்டுக்காரர் சொந்தக்காரர்போல் பழகினார். தீபாவளிக்கு நமக்கு முறுக்கு, கிறிஸ்துமஸுக்கு அவருக்குக் கேக். இப்படிப்பட்டவரிடம் ரசீது கேட்பது மரியாதை இல்லை என்று நான் கேட்கவே இல்லை. பள்ளிக்கூட ஆபீஸில் காலை முதல் மாலை வரை பிள்ளைகளுக்குச் சம்பள ரசீது கிழித்துக் கொடுத்த குமாஸ்தா நான். ஊருக்கெல்லாம் ரசீது எழுதியவன் தனக்கென்று ஒன்று வாங்கவில்லை. அவருக்கு வீடு வேண்டியிருந்த வருஷம், ஆறு மாதமாக வாடகையே வரவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. முறுக்கு சாட்சி சொல்லுமா? வாயை மூடிக்கொண்டு காலி செய்தோம். ஆகவே மாதம் பிறந்தால் வாடகை, வாடகை கொடுத்தால் ரசீது. வாங்க மாட்டேன் என்று மறுத்தால் அன்றே மணியார்டர் செய். அது திரும்பி வந்தால் அந்தத் தாளையும் பத்திரமாக வை. இவ்வளவும் சரியான புத்திமதிதான். ஆனால் சூடுபட்ட நான் ரசீது என்றால் வேதவாக்கு என்று நினைக்கத் தொடங்கினேன். என் பைத்தியம் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்புறம்தான் சாந்தோமில் நீ வளர்ந்த வீடு. அதன் சொந்தக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், தியாகராய நகரில் ஜவுளிக்கடை. நாம் எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். மாதம் ஐந்தாம் தேதி தானே வருவார். “சார் வீட்டுக்கு ரசீது புஸ்தகம் இல்லாம வந்தா உள்ளயே விட மாட்டாவ” என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார். அக்ரிமென்ட் இங்கிலீஷில் இரண்டு பக்கம். அவர் வாங்கி வைத்த காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டேன். வாசித்தேன் என்று சொல்ல முடியாது, பக்கத்தைத் திருப்பினேன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற பேர் இருக்கிறதே, புரியவில்லை என்று கேட்கக் கூச்சம். அதில் ஏழாவதோ எட்டாவதோ ஒரு பத்தியில், வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக்கூடாது என்று இருந்தது. நான் யாருக்கு விடப்போகிறேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நீ ஏழாவது படித்தபோது பிலோமினா அத்தை வந்தாள். மாமா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மெஷின். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை அவளுக்கு இருந்தது, தங்கத்தான் இடம் இல்லை. முன்னறையை ஒழித்துக் கொடுத்தோம். முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு கவரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். நான் தள்ளினேன். அவள் திரும்ப வைத்தாள். “இந்தா பாரு அண்ணே, நான் ஒண்ணும் ஓசியில குந்திக்கினு சாப்பிட வரலை. இத வாங்கிக்க. வாங்கலன்னா மெஷினைத் தூக்கிக்கினு இப்பவே போய்க்கினே இருப்பேன்” என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது. புருஷன் இருந்தவரை யார் வீட்டிலும் ஒரு வேளை சும்மா சாப்பிடாதவள் அவள்.

சரி என்று வாங்கிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். “முன்னறைக்கு இந்த மாத வாடகையாகப் பெற்றுக்கொண்டேன்” என்று என் மணிமணியான கையெழுத்தில் எழுதினேன். பத்து பைசா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்தும் போட்டேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, “தங்கச்சிக்குப் போய் ரசீதா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அத்தை அதை வாங்கிப் படித்த விதம் இருக்கிறதே, அதைப் பார்த்த எனக்கு அது தப்பு என்று தோன்றவில்லை. நான்காக மடித்து ஜெபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். “எனக்கும் ஒரு அட்ரஸ் இருக்குது இப்ப” என்றாள். மாதாமாதம் எழுதினேன். மாதாமாதம் ஸ்டாம்ப் ஒட்டினேன்.

ஒரு வருஷம் கழித்து அத்தை தன் பெயரில் தனி ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டாள். குடியிருப்புக்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அவளிடம்தான் அருமையான அத்தாட்சி இருந்ததே, ரசீதை இணைத்துவிட்டாள். விசாரிக்க வந்த ரேஷன் இன்ஸ்பெக்டர் ஒரு ஐந்தாம் தேதி காலையில் வந்தார். வாசலில் அண்ணாச்சி ரசீதுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் நீங்கள்தானே, இதில் கையெழுத்துப் போட்டிருப்பவர் யார் என்று இன்ஸ்பெக்டர் அவரிடமே தாளை நீட்டினார். பாவம், அவர் வேலையை அவர் செய்தார்.

அண்ணாச்சி தாளை இரண்டு தடவை படித்தார். “என்ன சார் இது? எங்க வீட்டுக்கு நீங்க வாடகை வாங்குதியளோ?” என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது, தெருவில் நான்கு பேர் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான். அவள் என் கூடப்பிறந்தவள் என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நானோ, “மாசம் பொறந்தா வாடகை குடுக்கறேன் இல்ல? குடுக்கற வரைக்கும் இது என் வீடு. உள்ள யாரு இருந்தா உங்களுக்கு என்ன?” என்று கத்தினேன். அண்ணாச்சி ரசீதுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டதால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று.

உன் அம்மா நோட்டீஸைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை இது: “நேரா கடைக்குப் போங்க. தப்பா பேசிட்டேன்னு சொல்லுங்க. தங்கச்சின்னு சொல்லுங்க. அவர் நல்ல மனுசன்.” ஜவுளிக்கடை வாசல் ஏறி மன்னிப்புக் கேட்பதா என்று நான் வக்கீலிடம் போனேன். அவர் கோயில் சங்கத்தில் பழக்கமானவர். எல்லாம் கேட்டுவிட்டு, “சொந்தத் தங்கச்சி கூட இருந்தா அது உள்வாடகை இல்ல சார். பணம் குடுத்தாலும் குடும்பச் செலவுக்குன்னு சொல்லிரலாம். ஆனா வாடகைன்னு நீங்களே எழுதி, ஸ்டாம்ப் வேற ஒட்டி வெச்சிருக்கீங்களே” என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். அத்தை ஒரு நாளும் ஒரு பைசாவும் கொடுக்கவில்லை, ரேஷன் கார்டுக்காகச் சும்மா எழுதி வாங்கிய தாள் அது என்று அவளே கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

அந்த வழியை நான் எடுத்துக்கொண்டேன் மகனே. வீடு போனால் உன் பள்ளிக்கூடம் என்ன ஆகும், அந்த வாடகைக்கு வேறு எங்கே கிடைக்கும் என்றெல்லாம் காரணம் வைத்திருந்தேன். காரணத்துக்கா பஞ்சம்? முன்னறையில் அவளை உட்கார வைத்து, ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதுபோல் கேள்வியும் பதிலும் சொல்லிக் கொடுத்தேன். அவள் மெஷினில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். “சத்தியம் பண்ணிட்டா அண்ணே இதச் சொல்லணும்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆமாம் என்றேன்.

பாரிமுனைப் பக்கத்துக் கோர்ட்டில் அவள் கடவுள் பெயரால் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னாள். “நான் எதுவும் குடுத்ததில்லீங்க. அண்ணன் சோத்துலதான் இருக்கேன். அவர் போடறத சாப்பிட்டுக்கினு கிடக்கறேன்.” எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகச் சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அது எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கேஸ் நம் பக்கம் தீர்ப்பானது.

தீர்ப்பு வந்த வாரமே அத்தை பெட்டியைக் கட்டினாள். நான் பதறிப்போய் ஏன் என்று கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. “கோர்ட்டுல சொன்னது பொய் அண்ணே. இனிமே நான் குடுத்தா நீ வாங்க முடியாது. வாங்காத வீட்டுல நான் இருந்தா, அந்தப் பொய் நெசமாயிடும்” என்றாள். உன் அம்மாதான் அவளைக் கட்டிக்கொண்டு, “போயிருங்க அக்கா, இனிமே ஒரு நாள்கூட இங்க இருக்காதீங்க” என்று அழுதாள். நம் மூன்று பேரில் அத்தையின் மனம் புரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த நேரம் பார்த்து நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசற்படியில் நின்றாய். உன் காதில் விழுந்தது அந்த ஒரு வாக்கியம். தையல் மெஷினை சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றுவதைப் பார்த்தாய். அம்மா அத்தையைத் துரத்திவிட்டாள் என்று முடிவு கட்டினாய். நீ வளர வளர அதுவும் வளர்ந்தது. போன கிறிஸ்துமஸில்கூட, “உங்களுக்குத்தான் யாரும் ஆகாதே” என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். பிள்ளைக்குக் கோர்ட் விஷயம் தெரிய வேண்டாம் என்று அன்றைக்கு நான் அவளிடம் வாக்கு வாங்கியிருந்தேன், பொய் வராதவள் அதை இன்றுவரை காப்பாற்றுகிறாள்.

அடுத்த ஐந்தாம் தேதி அண்ணாச்சி வாடகைக்கு வந்தார். காலி முன்னறையை எட்டிப் பார்த்தார். விஷயம் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார். “அவுக உங்க கூடப்பொறந்தவுகன்னு கோர்ட்டுக் காயிதத்தப் பாத்துதான சார் எனக்கே தெரியும். அதுக்குள்ள ரெண்டு பக்கமும் வீராப்பு ஆயிப்போச்சு. ஒரு வார்த்த நேர்ல வந்து சொல்லியிருந்தியன்னா, நானே எழுதிக் குடுத்திருப்பனே” என்றார். அவர் சம்மதத்தை எழுதி வாங்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை நான் கேட்கவில்லை. கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய்க்கு மன்னிப்பு உண்டு, தங்கச்சிக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். அதற்கு இத்தனை வருஷமாகப் பதில் தேடுகிறேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் வேலைபார்க்கும் பெண்களுக்கான விடுதியில் அவள் ஒரு கட்டிலோடு இருப்பதும், நான் மாதம் ஒருமுறை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வருவதும் பதில் ஆகுமா?

இப்போது உன் நகலுக்கு வருகிறேன். ஆறாவது பத்தியைப் படி. அதே சங்கதிதான், இந்தமுறை தமிழில். வாடகைதாரரும் அவர் மனைவியும் தவிர வேறு எவரும் குடியிருக்கக் கூடாது. நீ அதன்கீழ் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறாய். பதினோரு மாதத்துக்குப் பின் என்ன, சுண்ணாம்பு யார் செலவு என்பதையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்பியிருக்கிறேன், பேசிக்கொள். இந்தப் பத்தியை மட்டும் பேசாமல் விடாதே. அடையாற்று வீட்டுக்காரரை நேரில் போய்ப் பார். கூச்சப்படாதே, குரலை உயர்த்தாதே. வருகிற ஜூன் மாதம் அத்தைக்கு வேலை ஓய்வு. வேலையில் இல்லாதவர்களை அந்த விடுதியில் வைத்துக்கொள்வதில்லை. எங்களோடு வா என்று நான் கேட்டுவிட்டேன். “உன் கையெழுத்துல இருக்கற வீட்டுல ஒரு தடவ இருந்தாச்சு, போதும் அண்ணே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டே சொன்னாள். பிள்ளை அடையாற்றில் வீடு பார்க்கிறான், இரண்டு அறை என்றேன். ஊசி நின்றது. “அவன் நான் குடுத்தா வாங்கிப்பானா?” என்று கேட்டாள்.

அவளுக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணையும் கேட்டுவிட்டுத்தான் நீ பதில் சொல்ல வேண்டும். அவள் கூடாது என்றால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். சரி என்றால், அத்தையின் பெயரையும் அவள் வீட்டுச் செலவில் பங்கு கொடுப்பாள் என்பதையும் அந்தப் பத்தியிலேயே வீட்டுக்காரர் கையால் எழுதி வாங்கு. பிறகு நீயே ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் போய்ச் சொல். என்னைக் கூப்பிடாதே. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. அத்தையின் வாயால் நடந்ததைக் கேள், நான் எழுதியதில் எனக்குச் சாதகமாக எதையாவது மழுப்பியிருந்தால் அவள் திருத்திவிடுவாள். கேட்டு முடித்ததும், அங்கேயே, அத்தை பார்க்க அம்மாவிடம் மன்னிப்புக் கேள். நான் நேற்றுக் காலையில் கேட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகா என்றாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “எனக்கு நீங்க கேக்க வேணாம், பையன் என்னைத் தப்பா நெனைக்காம இருந்தா போதும்” என்று அழுதாள்.

உன் அப்பா